பாலியல் தொழிலில் உள்ள பெண்கள் புகார் கொடுக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் மற்றக் குடிமக்களைப் போலவே கண்ணியத்துடன் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று பிறப்பித்த உத்தரவைத் தமிழ் நாளிதழ்கள் பரவலாக வெளியிட்டன. அதற்குப் பிறகும் மாவட்டப் பக்கங்களில் வரும் செய்தி மாறவில்லை. விடுதியிலோ வாடகை வீட்டிலோ காவல் துறையின் திடீர்ச் சோதனை, தரகர் ஒருவர் கைது, பெண்கள் சிலர் மீட்பு, துப்பட்டாவாலும் சேலைத் தலைப்பாலும் முகத்தை மூடியபடி வரிசையாக நிற்கும் அந்தப் பெண்களின் படம், அதன் கீழே அவர்களுடைய வயது, சொந்த ஊர், சில சமயம் பெயர்கூட. அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருவோருக்கு ஆலோசனை வழங்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவள் நான். இப்படி ஒரு செய்தி வெளியான பிறகு அந்தப் பெண்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்தப் பெண்கள் அடிக்கப்படுவதும், ஏமாற்றப்படுவதும், பணம் பறிக்கப்படுவதும், பலரால் வன்புணர்வுக்கு ஆளாக்கப்படுவதும் ஆண்டாண்டுக் காலமாகத் தொடர்வதற்கு முதன்மையான காரணம், அவர்களால் யாரிடமும் புகார் கொடுக்க முடியவில்லை என்பதே. அவர்களைத் துன்புறுத்துகிற ஒவ்வொருவனுக்கும் அது நன்றாகத் தெரியும். அந்தத் துணிச்சலை அவனுக்குக் கொடுப்பவை நம்முடைய சட்டமும், அச்சட்டத்தைக் காவல் துறை கையாளும் முறையும், அதைச் செய்தியாக்கும் முறையும்தான்.

கொல்கத்தாவின் சோனாகாச்சியைப் போலவோ மும்பையின் காமாட்டிபுராவைப் போலவோ தமிழ்நாட்டில் இதற்கென்று தனிப் பகுதி எதுவும் இல்லாததால், இது நம் ஊர்ப் பிரச்சினை அன்று என்று நினைப்பவர்கள் பலர். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2009ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 8.68 லட்சம் பெண்கள் பாலியல் தொழிலில் இருப்பதாக மதிப்பிட்டது. அண்மைய மதிப்பீடு ஏறத்தாழ 10 லட்சத்தைத் தொடுகிறது. சுகாதாரத் திட்டங்களின் களப்பணியாளர்கள் சென்று சேரக்கூடிய இடங்களை வைத்துப் போடப்படும் கணக்கு இது என்பதால், வீட்டிலிருந்தபடியே கைபேசி வழியாக மட்டும் தொழில் செய்யும் பெண்களில் பெரும்பகுதி இதற்குள் வந்திருக்க வாய்ப்பில்லை. தமிழ்நாட்டிலோ அப்படிப்பட்டவர்களே அதிகம். அவர்கள் நம் தெருவில் குடியிருப்பவர்கள். பகலில் சித்தாள் வேலைக்கோ வீட்டு வேலைக்கோ மில்லுக்கோ போகிறவர்கள். பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்பவர்கள். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் இதற்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்ற ஒரே அச்சத்தைச் சுற்றித்தான் அவர்களுடைய நாள் முழுவதும் நகர்கிறது.

ஏன் வருகிறார்கள் என்ற கேள்விக்கு, 14 மாநிலங்களில் 3,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு ஒரு தெளிவான விடையைத் தந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பங்களில் பிறந்து, சிறு வயதிலேயே வேறு கூலி வேலைகளுக்குச் சென்று, அந்தக் கூலி போதாமல் இத்தொழிலுக்கு வந்தவர்கள் அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள். ஆலோசனை அறையில் நான் கேட்டவையும் இதற்கு மாறானவை அல்ல. கணவன் இறந்துவிட்டான், அல்லது வேறொருத்தியோடு போய்விட்டான், அல்லது குடித்தே ஒன்றுக்கும் உதவாமல் போனான். கந்து வட்டிக்காரன் வாசலில் வந்து நின்றான். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டியிருந்தது. பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்றார்கள். தெரிந்த அக்கா ஒருவர் வழிகாட்டினார். எவளும் ஆசைப்பட்டு வந்ததாக என்னிடம் சொன்னதில்லை. ஆனால் கைகால்களைக் கட்டி இழுத்து வந்தார்கள் என்று சொன்னவர்களும் சிலரே. இருக்கிற வழிகளில் எது பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காக்குமோ அதைத் தேர்ந்தெடுத்த பெண்கள் இவர்கள். அதைச் சுதந்திரமான தேர்வு என்று கொண்டாடவும் எனக்கு மனமில்லை. அவர்களுக்கு அறிவும் விருப்பமும் இல்லாததைப் போல நடத்துவதையும் என்னால் ஏற்க முடியாது.

சிறுமிகளையும், ஏமாற்றியும் மிரட்டியும் விற்கப்பட்ட பெண்களையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 18 வயது நிரம்பாத ஒரு பிள்ளையை இதில் ஈடுபடுத்துவது எந்தச் சூழலிலும் கொடிய குற்றம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், ஆள் கடத்தலுக்கு எதிரான தண்டனைப் பிரிவுகளும் தயக்கமின்றிப் பாய வேண்டிய இடம் அது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால், கடத்தப்பட்ட சிறுமியும் காப்பாற்றப்படுவதில்லை, வயது வந்த பெண்ணும் நிம்மதியாக இருக்க விடப்படுவதில்லை.

சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் படித்தவர்கள் நடுவிலும் அதைப் பற்றித் தவறான எண்ணமே நிலவுகிறது. 1956இல் இயற்றப்பட்டு 1986இல் பெயர் மாற்றம் பெற்ற விபச்சாரத் தடுப்புச் சட்டம், வயது வந்த ஒரு பெண் தனியாகத் தன் இடத்தில் பணத்துக்காக உறவு கொள்வதைக் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் குற்றமாக்கிவிட்டது. பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்தால் 8ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரைதான் என்று அதே பிரிவு சலுகை காட்டுகிறது. கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் 7ஆவது பிரிவு பாயும். நம் ஊர்களில் ஏதேனும் ஒரு கோயிலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் குடியிருப்பவர் எத்தனை பேர் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதைவிடக் கொடுமையானவை, பெண்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடுகளையே குற்றமாக்கும் பிரிவுகள். தனியாக இருந்தால் ஆபத்து என்று இரண்டு பெண்கள் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்தால், இருவரின் பொது ஆதாயத்துக்காகப் பயன்படும் அந்த அறை சட்டத்தின் வரையறைப்படி விபச்சார விடுதியாகிவிடும். அதை நடத்திய குற்றம் அவர்கள் மேலேயே விழும். 4ஆவது பிரிவோ, இந்த வருமானத்தில் வாழும் 18 வயதுக்கு மேற்பட்ட எவரையும் தண்டிக்கிறது. அவளோடு சேர்ந்து வசிப்பவர் அவள் வருமானத்தில்தான் வாழ்கிறார் என்று நீதிமன்றம் முதலில் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிறுவ வேண்டியது அவர் பொறுப்பு. தரகர்களையும் சுரண்டுபவர்களையும் பிடிக்க எழுதப்பட்ட பிரிவு என்பது உண்மைதான். ஆனால் மகள் வருமானத்தில் மருந்து வாங்கும் வயதான தாயும், கல்லூரியில் படிக்கும் மகனும் அதே வலைக்குள் வருகிறார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அவருக்கும் வழக்கு வரும் என்பதால் உடனே காலி செய்யச் சொல்கிறார். ஒரு பெண்ணைத் தம் எல்லையை விட்டே வெளியேறும்படி உத்தரவிடும் அதிகாரத்தை 20ஆவது பிரிவு மாஜிஸ்திரேட் எனப்படும் நடுவருக்கு அளித்திருக்கிறது.

இப்போது இந்தப் பெண்களில் ஒருத்திக்கு வன்கொடுமை நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் பேசி அழைத்துப் போகிறான். போன இடத்தில் நான்கைந்து பேர் காத்திருக்கிறார்கள். நம்பிக்கை மையங்களில் பணியாற்றியவர்கள் அனைவரும் பல முறை கேட்டிருக்கும் நிகழ்வு இது. அடித்து, காதிலும் கழுத்திலும் இருப்பதைப் பறித்துக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். இப்போதெல்லாம் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் காட்டியே மாதக்கணக்கில் மிரட்டுகிறார்கள். அவள் காவல் நிலையத்துக்குப் போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி, அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்பதே. உண்மையைச் சொன்னால் அவள் மீதே வழக்கு வரக்கூடும். வீட்டுக்குத் தகவல் போகக்கூடும். அடுத்த முறை சோதனை நடக்கும்போது அவள் முகம் அடையாளம் தெரிந்த முகமாக இருக்கும். பொய் சொன்னால் வழக்கே நிற்காது. ஆகவே காயத்தோடு மருத்துவமனைக்கு வருகிறவள், மாடிப்படியில் தவறி விழுந்ததாகச் சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு போகிறாள். நாங்கள் தூண்டித் துருவிக் கேட்டால்கூட, "வேண்டாம் மேடம், எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்பதே பதில்.

காவல் துறையினர் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தங்கள் கைப்பணத்தைக் கொடுத்துப் பேருந்து ஏற்றி அனுப்பிய பெண் காவலர்களைப் பற்றி இதே பெண்கள் நன்றியோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் மாமூல் கேட்பதும், மாதக் கணக்குக்கு ஆள் குறையும்போது தெருவில் தெரிந்த முகத்தைப் பிடித்துச் சிறு வழக்குப் போடுவதும், அதைவிடக் கீழான கோரிக்கைகளும் இல்லாதவை அல்ல. நற்பெயர் இல்லாதவள் என்று சொல்லப்படும் பெண்ணுக்கும் தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, விரும்பியபோதெல்லாம் எவரும் அவளிடம் அத்துமீற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டே கூறியது. மகாராஷ்டிரத்தில் இரவில் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பணி நீக்கம் செய்யப்பட்ட ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் கடந்த கால வாழ்க்கையை வைத்து அவள் சாட்சியத்தை மதிப்பிடக் கூடாது என்று 2002, 2013 ஆண்டுகளில் சாட்சியச் சட்டமும் திருத்தப்பட்டது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் இந்தப் பாதுகாப்பு காவல் நிலைய மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடக்குமுறையால் என்ன விளையும், நம்பிக்கையால் என்ன விளையும் என்பதற்குத் தமிழ்நாட்டின் எய்ட்ஸ் வரலாறே சான்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் ஆறு பெண்களுக்குத் தொற்று இருந்தது. அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகள் அவை. மருத்துவ உலகுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அந்தப் பெண்களைப் போன்றவர்களுக்கோ அது புதிய தண்டனையாக மாறியது. 1990இல் மும்பையிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை மீட்டதாகச் சொல்லி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து, காப்பகங்களில் அடைத்து, ரத்தப் பரிசோதனை செய்தார்கள். தொற்று இருந்ததைக் காரணம் காட்டிச் சென்னையில் பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் அடைத்து வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்த பிறகே அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் அவர்கள் வெளியே வந்தார்கள். அந்த நாட்களில் மருத்துவமனை என்றாலே இந்தப் பெண்கள் ஓடி ஒளிந்தார்கள் என்பதில் வியப்பு ஏதுமில்லை.

பிறகு நிலைமை மாறியது. 1994இல் அமைந்த தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும், அதனோடு இணைந்து உழைத்த தொண்டு நிறுவனங்களும், இந்தப் பெண்களைப் பிடித்து அடைப்பதை விட்டு, அவர்களிலிருந்தே சகக் கல்வியாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தன. ஆணுறை கொடுத்தவளும், பரிசோதனைக்கு உடன் அழைத்து வந்தவளும், மாத்திரையை நிறுத்திவிடாதே என்று வீடு தேடிப் போய்ச் சொன்னவளும் அவர்களில் ஒருத்தியே. இந்திய அளவில் 2003ஆம் ஆண்டுவாக்கில் பாலியல் தொழிலாளர்களிடையே 10 சதவீத அளவில் இருந்த எச்.ஐ.வி. தொற்று, இப்போது 2 சதவீதத்துக்கும் கீழே வந்திருக்கிறது. பொதுமக்களிடையே உள்ள 0.2 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இதுவும் அதிகமே என்றாலும், எந்தச் சோதனையாலும் எந்தக் கைதாலும் சாதிக்க முடியாததை இந்தப் பெண்களே சாதித்தார்கள். அவர்கள் ஆணுறையை வலியுறுத்தியதால் காப்பாற்றப்பட்டவர்களில், எதுவும் அறியாத எத்தனையோ மனைவிமார்களும் அடங்குவர். அதற்காக எந்த மேடையிலும் எவரும் அவர்களுக்கு நன்றி சொன்னதை நான் கேட்டதில்லை.

அந்த ஆணுறையையே சோதனையின்போது கைப்பற்றிச் சாட்சியமாக வைப்பது என்ன நியாயம்? ஒரு துறை அரசுப் பணத்தில் வாங்கிக் கொடுப்பதை இன்னொரு துறை குற்றத்தின் அடையாளமாக எடுத்துக் காட்டுகிறது. சோதனை நடந்த அடுத்த சில வாரங்களுக்கு எங்கள் மையத்தில் கூட்டம் குறைந்துபோகும். பையில் ஆணுறை வைத்திருக்கவே பயப்படுவார்கள். பையில் இல்லாதபோது வாடிக்கையாளரிடம் வலியுறுத்தவும் முடியாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, தொற்றைக் குறைப்பதற்கான எந்த நடவடிக்கையும் குற்றமாகாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. பாலியல் தொழிலாளிக்கு ஆணுறை கொடுப்பதையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் தந்திருக்கிறது. இதைப் படித்த காவல் அதிகாரிகள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டு உத்தரவு ஒரு கொலையிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் மறந்திருக்கலாம். 1999 செப்டம்பரில் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். தண்டிக்கப்பட்டவனின் மேல்முறையீட்டை 2011 பிப்ரவரியில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், அதோடு வழக்கை முடித்துவிடாமல், இப்பெண்களின் வாழ்வுரிமை பற்றிய பொதுக் கேள்வியாக அதைத் தானே முன்வந்து எடுத்துக்கொண்டு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பத்துப் பரிந்துரைகளில் ஆறை உடனே நடைமுறைப்படுத்துமாறு 2022இல் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு, அரசியலமைப்பின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி ஆணையிட்டது. பாலியல் தாக்குதலுக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்றப் பெண்களுக்குரிய மருத்துவ, சட்ட உதவிகள் அனைத்தும் கிடைக்க வேண்டும். விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் வைக்கப்பட்டுள்ள வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும். காவல் துறை சொல்லாலும் செயலாலும் அவர்களைத் துன்புறுத்தக் கூடாது. ஆணுறையைக் குற்றச் சான்றாகக் கொள்ளக் கூடாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் அவர்களுக்கு உரிமைகளை எடுத்துச் சொல்ல வேண்டும். சோதனை, கைது, மீட்பு ஆகியவற்றின்போது பாதிக்கப்பட்டவராயினும் குற்றம் சாட்டப்பட்டவராயினும் அவர்களுடைய அடையாளத்தையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் நெறிமுறை வகுக்க வேண்டும்.

ஒன்றிய அரசு தயக்கம் தெரிவித்ததால் ஒதுக்கி வைக்கப்பட்டவை நான்கு: வயது வந்து, விருப்பத்துடன் தொழில் செய்பவர் மீது காவல் துறை குற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது, விடுதிச் சோதனையின்போது பெண்களைக் கைது செய்யவோ தண்டிக்கவோ கூடாது, அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், தாய் இத்தொழிலில் இருப்பதை மட்டும் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது. என் பார்வையில் இந்த நான்கும்தான் மற்ற ஆறுக்கும் உயிர். கைதாகும் அச்சம் நீங்காதவரை, புகார் கொடுத்தால் உதவி உண்டு என்ற வாக்குறுதியை எந்தப் பெண்ணும் நம்ப மாட்டாள். குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரியது. தாய்மார்கள் எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வருவதைக்கூட அந்த ஒரு பயத்தால் நிறுத்திய நிகழ்வுகளை நான் அறிவேன்.

மீட்பு என்று நாம் வாசிப்பது நடைமுறையில் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மீட்கப்பட்ட பெண்ணை நடுவர் முன் நிறுத்துகிறார்கள். வயது, காயம், பால்வினை நோய் ஆகியவற்றுக்கான மருத்துவப் பரிசோதனை கட்டாயம். விசாரணைக்குப் பிறகு அவளை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க 17ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அவளுடைய பிள்ளைகள் அன்றிரவு எங்கே தூங்குவார்கள், வாடகையை யார் கட்டுவார்கள், வட்டிக்காரனுக்கு யார் பதில் சொல்வார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. அங்கே தையலும் ஊதுவத்தி உருட்டுவதும் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள். அதில் வரும் வருமானம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக்கூடக் காணாது. வெளியே வந்தவள், முன்பைவிடக் கூடுதலான கடனோடும், ஊர் முழுக்கத் தெரிந்துவிட்ட அவமானத்தோடும், அதே தொழிலுக்குத்தான் திரும்புகிறாள். இந்த முறை அறிமுகமான இடத்தை விட்டு இன்னும் இருட்டான, இன்னும் ஆபத்தான இடத்துக்கு. காப்பகத்துக்குப் போக விரும்பும் பெண்ணுக்கு அது திறந்திருக்க வேண்டும். தப்பி வந்த சிறுமிக்கும், கடத்தப்பட்டவளுக்கும் அது அடைக்கலமாக இருக்க வேண்டும். விருப்பமில்லாத வயது வந்த பெண்ணை அங்கே வைத்திருப்பதற்குச் சிறை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அன்றாட வாழ்வின் சிறு தேவைகளும் இவர்களுக்கு எட்டாதவையாகவே இருக்கின்றன. கொரோனா ஊரடங்கில் தொழில் முற்றிலும் நின்றபோது, அடையாள அட்டை கேட்காமல் இவர்களுக்கு உலர் உணவுப் பொருள்கள் வழங்குமாறு 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட வேண்டியிருந்தது. நிலையான முகவரி இல்லாததால் குடும்ப அட்டை இல்லை. குடும்ப அட்டை இல்லாததால் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. குடும்பம் கைவிட்ட பெண்ணுக்கே உதவித்தொகை அதிகம் தேவை. ஆனால் குடும்பத்தோடு இருப்பதற்கான ஆவணத்தைத்தான் திட்டம் முதலில் கேட்கிறது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்க அதிகாரியின் சான்றை வைத்து, தொழிலைக் குறிப்பிடாமல் ஆதார் வழங்கலாம் என்ற ஏற்பாடும் 2022 உத்தரவிலேயே இருக்கிறது. அதே சான்றைக் குடும்ப அட்டைக்கும் ஏற்றுக்கொள்ள மாநில அரசின் ஓர் ஆணை போதும். இந்தியாவிலேயே முதலாவதாக 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்து, அவர்களுக்கு அட்டைகளும் வீடுகளும் வழங்கிய மாநிலத்துக்கு இது முடியாத காரியம் அன்று. (அந்தத் திருநங்கையரிலும் வேறு வேலை தருவார் இல்லாமல் இத்தொழிலில் இருப்பவர்கள் பலர், மேலே சொன்ன எல்லாத் துன்பமும் அவர்களுக்கு இரு மடங்கு.)

காவல் துறையின் பிடியைத் தளர்த்தினால் ஆள் கடத்தல் பெருகிவிடும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கடத்தலுக்கு எதிராக உண்மையாக உழைப்பவர்கள் என்பதால் அவர்களுடைய அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒரு பகுதிக்குப் புதிதாக ஒரு சிறுமி கொண்டுவரப்பட்டால் முதலில் தெரிவது அங்கே ஏற்கெனவே இருக்கும் பெண்களுக்கே. 1995இல் சோனாகாச்சியில் தொடங்கப்பட்ட பாலியல் தொழிலாளர் அமைப்பான தர்பார், தங்கள் பகுதிக்குப் புதிதாக வருபவரின் வயதையும் விருப்பத்தையும் விசாரிக்கும் சுய கட்டுப்பாட்டுக் குழுக்களை அமைத்தது. 18 வயது நிரம்பாதவர்களையும் ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்களையும் அவர்களே பிரித்தெடுத்து வெளியேற உதவினார்கள். அதே ஆண்டு அவர்கள் தொடங்கிய உஷா கூட்டுறவுச் சங்கம், சிறு சேமிப்பையும் கடனையும் அவர்கள் கையிலேயே கொடுத்து வட்டிக்காரர்களின் பிடியைத் தளர்த்தியது. நம் ஊரிலோ, அப்படி ஒரு சிறுமியைப் பார்த்த பெண் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னால், நீ அங்கே என்ன செய்தாய் என்ற கேள்வியோடு அவளே வழக்கில் சிக்குவாள். கடத்தல்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

தமிழ்நாடு அரசை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. காப்பகங்களில் உள்ள வயது வந்த பெண்களின் கணக்கெடுப்பு எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் விடுவிக்கப்பட்டார்கள் என்பதைப் பொதுவில் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மகளிர் காவல் நிலையத்துக்கு வெளியே, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையத்திலோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ, இப்பெண்கள் தங்கள் தொழிலைச் சொல்ல அஞ்சாமல் புகார் கொடுக்க ஓர் இடம் வேண்டும். அப்படிப் புகார் கொடுக்கும் பெண் மீது, அவள் சொன்னதையே வைத்து விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியக் கூடாது என்று காவல் துறைத் தலைவர் எழுத்து வடிவில் அறிவுறுத்த வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. 181 என்ற உதவி எண் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுப்பவர்களுக்கு இதைப் பற்றிப் பயிற்சி கொடுத்தால் அதுவே பெரிய உதவியாக இருக்கும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். சோதனைச் செய்தியோடு பெண்களின் படத்தை, முகம் மூடியிருந்தாலும், இனி வெளியிட வேண்டாம். சேலையின் நிறத்தையும் நிற்கும் விதத்தையும் வைத்தே ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வயதையும் ஊரையும் சேர்த்துக் கொடுத்தால் மிச்சம் ஏதுமில்லை. அப்படி அடையாளம் தெரிந்துபோன ஒரு தாயின் மகள் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இன்னொரு பெண் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு ஊரை விட்டே போனாள், பிறகு எங்களால் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் செய்திகளில் தரகரின் பெயர் இருக்கட்டும். சோதனை எந்தப் பிரிவின் கீழ் நடந்தது, பெண்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள், அவர்களுடைய குழந்தைகளுக்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டது, ஆணுறைகள் சான்றாகக் கைப்பற்றப்பட்டனவா என்று செய்தியாளர் கேட்டு எழுதட்டும். இந்தக் கேள்விகள் ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கேட்கப்படும் என்று தெரிந்தால், 2022ஆம் ஆண்டின் உத்தரவை நம் மாவட்ட அதிகாரிகள் எடுத்துப் படிப்பார்கள்.

நான் ஆலோசனை வழங்கிய பெண்களை என் பெயரைக் கொண்டு எவரும் ஊகித்துவிடக் கூடாது என்பதால், பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நம்பிக்கை மைய முன்னாள் ஆலோசகர்,
தென் தமிழ்நாடு.